பொங்கல் விழாவில் ஒரு புதிய பூச்சி

டாக்டர் வாஞ்சிநாதன் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவராகச் சொல்ல மாட்டார். பகலில் ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், பிரின்டர் சமாசாரங்களைச் சோதிக்கும் பிரிவுக்கு டைரக்டர். ஏதோ ஒரு தீவிலிருக்கும் பல்கலைக்கழகம், அறிவியலுக்கும் தமிழுக்கும் அவர் ஆற்றிய தொண்டைப் பாராட்டி ஒரு கௌரவப் பட்டத்தைப் பார்சலில் அனுப்பிவைத்தது. என்ன தொண்டு என்று பட்டத்திலும் இல்லை, பார்சலிலும் இல்லை. அன்றிலிருந்து ஊர் முத்தமிழ் மன்றத்தின் தலைவர், டாக்டர் தலைவர் ஆனார். அவர் அனுப்பும் ஈமெயிலை விட, அடியில் அவர் பெயருக்குக் கீழே வரும் பதவிகள் நீளம்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செல்வராஜ் வீட்டுக்கு வந்தார். பொங்கல் விழா அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்காமல் இருப்பதற்காக வந்தார்.

"உங்களைக் கூப்பிடக் கூடாது, எனக்குத் தெரியும் செல்வா. வருஷம் திரும்பல. இருந்தாலும் மன்றம் உங்களை மறக்கலைன்னு நேர்ல வந்து சொல்லணும்ல?"

செல்வராஜ் தலையாட்டினார். அவரும் அவர் மனைவி காமாக்ஷியும் மார்ச் மாதத்திலிருந்து இப்படி நிறையத் தலையாட்டியிருந்தார்கள். ஒரே மகள் விஷாகா. மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு யுனிவர்சிட்டியில் பூச்சிகளைப் பற்றி பிஎச்.டி செய்துகொண்டிருந்தாள். வீக்கெண்டுக்கு வீட்டுக்கு டிரைவ் பண்ணி வந்துகொண்டிருந்தவளை, ஃப்ரீவேயில் லேன் மாறிய ஒரு டிரக் முடித்துவிட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் பண்டிகை கிடையாது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த ஸ்வீட் பாக்ஸை செல்வராஜ் வாசலிலேயே திருப்பிக் கொடுத்தார். காலண்டரில் பண்டிகை நாட்களை மேஜிக் மார்க்கரால் அவரே அடித்து வைத்திருந்தார். வேறு எதையும் செய்ய முடியாத மனிதர் இதையாவது ஒழுங்காகச் செய்தார்.

ஆறுதலாக ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று வாஞ்சிநாதன், "பாப்பா ரிசர்ச் எதுல?" என்றார். செல்வராஜ் அவரை மாடிக்கு, மகளின் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது.

உள்ளே ஐரோப்பாவிலிருந்து விஷாகா பிடித்து வந்த ஃபிராக்ஹாப்பர்கள். நம் பக்கத்தில் தத்துப்பூச்சி என்பார்களே, அந்த வகையறா. அரிசி அளவுதான் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது செடித் தண்டில் யாரோ எச்சில் துப்பிவிட்டுப் போனது மாதிரி நுரை கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். வளர்ந்ததும் தவளை மாதிரி குதிக்கும். ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று அதே நிறத்தில் மூன்று கறுப்புக் கோடு, ஒன்று முழுக் கறுப்பு, ஒன்று கறுப்பில் தலை மட்டும் வெளுப்பு, ஒன்று இறக்கை ஓரத்தில் வெள்ளைக் கரை. இருபது விதம் தேறும். ஒவ்வொன்றும் வேறு வேறு பூச்சி என்று நாம் சத்தியம் பண்ணுவோம். எல்லாம் ஒன்றுதான், ஒரே இனம்தான், அக்கா தங்கைகள் ஆளுக்கொரு நிறத்தில் புடவை கட்டிய மாதிரி என்பதுதான் விஷாகாவின் ஆராய்ச்சி. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பதைச் சொல்ல அந்தப் பெண் இரண்டு கோடைக்காலம் ஐரோப்பியப் புல்வெளிகளில் வலை வீசியிருந்தாள்.

வாஞ்சிநாதன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்து ஃபோனில் மாட்டினார். அவர் பேத்தியின் சயின்ஸ் ப்ராஜெக்டுக்கு வாங்கியது. பூச்சிகளை அடையாளம் சொல்லும் ஆப் ஒன்றும் ஃபோனில் இருந்தது.

"செல்வா, இங்க பாருங்க. இந்த மூணு மட்டும் சிவப்பா இருக்கே!"

பெட்டியின் ஒரு மூலையில் மூன்று கறுப்புப் பூச்சிகள். அவற்றின் தோளில் கருஞ்சிவப்பாக ஒரு படலம். ஆப் கொஞ்ச நேரம் யோசித்தது. ஐரோப்பாவில் கறுப்பும் சிவப்புமாக இன்னொரு ஃபிராக்ஹாப்பர் உண்டு, ஒருவேளை அதுவோ என்று அரை மனதாகச் சொல்லிவிட்டு, பொருத்தம் சரியில்லை என்று கை கழுவியது. வாஞ்சிநாதன் இன்டர்நெட்டில் ஒரு வண்ணப் படத்தை எடுத்து ஒப்பிட்டார். அந்தச் சிவப்புப் பூச்சி உருவத்தில் பெரிது. இது சின்னது. சின்னதில் சிவப்பே கிடையாது.

"அதுவும் இல்ல, இதுவும் இல்ல. அப்படின்னா என்ன அர்த்தம்?" குரலைத் தாழ்த்தினார். மேடையில் முக்கியமானவற்றைச் சொல்லும்போது அப்படித்தான் தாழ்த்துவார். "நியூ ஸ்பீஷீஸ், செல்வா. உங்க பொண்ணு ஒரு புது உயிரினத்தைக் கண்டுபிடிச்சுட்டு, சொல்றதுக்குள்ள போயிட்டா. கண்டுபிடிச்சவங்க பேரை வைக்கலாம். உலகம் இருக்கற வரைக்கும் இருக்கும்."

கதவருகில் காபியோடு நின்ற காமாக்ஷி அந்த மூன்று பூச்சிகளையும் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஒரு நிபுணர் கடிதம் இருந்தால் நல்லது என்று வாஞ்சிநாதன் சொன்னதால், அடுத்த வாரம் ஜுஹைரை வரச் சொன்னார்கள். அவன் விஷாகாவோடு ஒரே லேபில் படித்தவன், ஊர் காயல்பட்டினம். மற்றப் பெட்டிகளெல்லாம் யுனிவர்சிட்டிக்குச் சொந்தம், இது அவளுடைய சொந்தப் பெட்டி என்று ப்ரொஃபசரிடம் வாதாடி வாங்கி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான். விஷாகாவின் மைக்ராஸ்கோப்பில் அந்த மூன்றையும் அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பின்னால் செல்வராஜும் வாஞ்சிநாதனும், ஸ்கேன் ரிசல்டுக்கு நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

"அங்கிள், இதுல நிறத்தை வெச்சு எதுவும் சொல்ல முடியாது," என்றான். "புது ஸ்பீஷீஸ்னு சொல்லணும்னா ஆண் பூச்சியை எடுத்து, வயித்து நுனியைப் பிரிச்சு, ஜெனிடாலியா, அதாவது பிறப்புறுப்பைப் பாக்கணும்."

வாஞ்சிநாதன் பின்வாங்கினார். "என்ன தம்பி பேசறீங்க! ஒரு பொண்ணு பேர் வைக்கப் போற இடத்துல, அப்பா பக்கத்துல நிக்கறார்…"

"அதுதான் சார் முறை."

"கலரே கண்ணுக்குத் தெரியுதே, அப்புறம் எதுக்கு அசிங்கமெல்லாம்?"

செல்வராஜ் குறுக்கிட்டார். "ஜுஹைர், அவ எழுதினதை உங்க ப்ரொஃபசர் முடிச்சுப் போடறேன்னாரே, அது வருமா?"

"வரும் அங்கிள். அவ பேர்தான் முதல் பேர். கொஞ்சம் லேட்டாகும்."

"எத்தனை பேர் படிப்பாங்க?"

ஜுஹைர் பொய் சொல்லத் தெரியாதவன். "உலகத்துல இந்தப் பூச்சியைப் பாக்கறவங்க ஒரு நாப்பது பேர் இருப்போம்."

"பூச்சிக்கு அவ பேரை வெச்சா?"

"அதே நாப்பது பேர்தான் அங்கிள். அவங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். கான்ஃபரன்ஸ்ல நின்னு, நிறத்தைப் பாத்துப் புது இனம்னு சொல்றவங்களை அவ வாங்கு வாங்குன்னு வாங்குவா. இப்ப அவ பேர்லயே அந்தத் தப்பை…" செல்வராஜ் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பெரியவர்கள் இருவரும் கீழே போனதும் காமாக்ஷி மேலே வந்தாள். அவன் மைக்ராஸ்கோப் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஆன்ட்டி, பெட்டியை யாராவது திறந்தீங்களா?"

"ஏன்ப்பா?"

"சிவப்பு இறக்கைல இல்ல. இறக்கை மேல இருக்கு. முடியில தூள் தூளா ஒட்டிக்கிட்டிருக்கு." அவன் தயங்கினான். "குங்குமம்தானே?"

காமாக்ஷி மகளின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சரஸ்வதி பூஜை அன்னிக்கு. அவர் சாமான் வாங்க காஸ்ட்கோ போயிருந்தார். வருஷாவருஷம் அவ புஸ்தகத்தை வெப்பேன்ப்பா. நாலாங்கிளாஸ்ல கணக்கு வராதுன்னு கணக்கு புக்கை மட்டும் அடியில ஒளிச்சு வெப்பா, படிக்காம இருக்கலாமேன்னு. இந்த வருஷம் வெக்கக் கூடாது. தெரியும். ஆனா அவ புஸ்தகம்னு இருக்கறது இதுதானே? மூடியத் திறந்து வெச்சு, அவ பேரையே சொல்லி அர்ச்சனை பண்ணேன். ஓரத்துலதான் போட்டேன். கை தவறி இந்த மூணு மேல விழுந்துடுச்சு. அடியில விழுந்ததைப் பஞ்சு வெச்சு எடுத்துட்டேன். பூச்சியைத் தொட பயம், கால் ஒடிஞ்சுடும்னு."

ஜுஹைர் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தான்.

"அவருக்குத் தெரியாது. ஸ்வீட் பாக்ஸையே திருப்பிக் கொடுக்கற மனுஷன். வீட்டுல செத்தவளுக்கு வருஷம் திரும்பாம பூஜை பண்ணேன்னு சொன்னா…"

"ஆன்ட்டி, அந்த சார் இதைப் பேப்பரா போடப் போறார். போட்டா திரும்ப எடுக்கறது கஷ்டம்."

"நானே சொல்லிடறேன். நீ சொல்லாத."

அவள் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. ஒன்பது மாதமாக ஒரே ஒரு தோசையை அரை மணி நேரம் வெறித்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது மூன்று சாப்பிட்டார். முகச்சவரம் செய்துகொண்டார். லத்தீனில் பெண் பெயர் வைத்தால் கடைசியில் எப்படி முடியும் என்று வாஞ்சிநாதனோடு ஃபோனில் விவாதித்தார். ஒரு நாள் அவள் "ஏங்க, அந்தப் பூச்சி…" என்று ஆரம்பித்தாள். "ஃபிலேனஸ் விஷாகே," என்று, அந்த வகைப் பூச்சியின் லத்தீன் பெயரோடு மகள் பெயரைச் சேர்த்து அவர் திருத்தினார். சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள் சாம்பாரைக் கிளறப் போய்விட்டாள்.

ஜுஹைர் கடிதம் தர மறுத்துவிட்டான். "பொறாமை," என்றார் வாஞ்சிநாதன். "லேப்ல பாப்பா நம்பர் ஒன், இவன் டூ. இன்னொரு காரணமும் இருக்கு. அதை நான் சொல்ல விரும்பல." சொல்ல விரும்பாததைப் பேரின் மேல் ஒரு அழுத்தம் கொடுத்துச் சொல்லியும் விட்டார்: "ஜு-ஹைர்." விஷாகாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவன் ஒருவன் என்பது செல்வராஜுக்கு நினைவிருந்தது. பேசாமல் இருந்தார்.

நிபுணரே வேண்டாம் என்று சொல்லும் பத்திரிகைகள் உலகத்தில் இருக்கின்றன. வாஞ்சிநாதன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு அது ஒன்றுதான். கட்டணம் கட்டினால் ஒரு வாரத்தில் உலகத் தரத்தில் பரிசீலித்துவிடுவார்கள். பரிசீலித்தவர்கள் ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள்: ஆசிரியரின் புகைப்படம் இன்னும் தெளிவாக வேண்டும். ஒரு விதியும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பூச்சியின் பெயருக்குப் பின்னால், அதை உலகுக்கு அறிவித்தவரின் பெயரும் எழுதப்படும், எப்போதும். இறந்த பெண் அறிவிக்க முடியாது. ஆகவே முழுப்பெயர், ஃபிலேனஸ் விஷாகே வாஞ்சிநாதன்.

புது இனத்தின் மூலப் பூச்சியை ஒரு பொது நிறுவனத்தில் பாதுகாக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பொது நிறுவனம் எது? முத்தமிழ் மன்றம். மன்றத்தின் அருங்காட்சியகம் எது? தலைவர் வீட்டு கராஜில் பொங்கல் பானைகளும் ஸ்பீக்கர்களும் இருக்கும் ஷெல்ஃப். செல்வராஜ் பெட்டியைத் தன் கையாலேயே காரில் வைத்துக் கொடுத்தார். காமாக்ஷி அதற்குள் ஒரு வேலை செய்திருந்தாள். சிவப்பு மூன்றில் ஒன்றை ஊசியோடு எடுத்து, ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து ஒளித்துவிட்டாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது.

பொங்கல் விழா ஒரு மிடில் ஸ்கூல் காஃபிடேரியாவில் நடந்தது. "இது பண்டிகையில்ல செல்வா, அஞ்சலி. நீங்க வரலாம். அந்த ஐட்டத்துக்கு மட்டும் பண்டிகையை நிறுத்திடறோம்," என்றார் வாஞ்சிநாதன். பண்டிகை நாட்களை மார்க்கரால் அடித்த மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். காமாக்ஷியையும் வரச் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் அஞ்சலிக்கு முன்னால் சின்னக் குழந்தைகளின் சினிமா டான்ஸ். பின்னால், புலம்பெயர்ந்தவர்களின் மகிழ்ச்சிக்குக் காரணம் வருமானமா குடும்பமா என்று பட்டிமன்றம். நடுவில் மரணத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்.

வாஞ்சிநாதன் மைக்கைப் பிடித்தார். விளக்கைக் குறைத்தார்கள். சினிமா டான்ஸுக்குப் போட்ட புகை இன்னும் முழுசாகப் போகவில்லை. "மூவாயிரம் ஆண்டுத் தமிழ்ப் பண்பாட்டில் பூச்சிகளுக்கும் இடமுண்டு," என்று தொடங்கினார். எந்த இடம் என்று சொல்லவில்லை. பிறகு திரையில் பெயர் வந்தது.

மூன்றாவது வரிசையில் அபயாம்பாள் ஆன்ட்டி பக்கத்திலிருந்தவளின் காதில், மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என்னடி இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி பொண்ணு பேருக்குப் பின்னாடி இந்தாளு பேரு?"

"அது ரூல்ஸாம் ஆன்ட்டி."

"நல்ல ரூல்ஸ்."

அடுத்ததாகப் பூச்சி வந்தது. லென்ஸ் மாட்டி எடுத்த படம், சுவர் உயரத்துக்கு. அரிசி அளவுப் பூச்சி எருமை அளவுக்கு நின்றது. கறுப்பு முதுகில், ஒவ்வொரு முடிநுனியிலும் கருஞ்சிவப்புத் துகள்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

செல்வராஜ் மேடையேறிப் பேச ஆரம்பித்தார். பேப்பரில் எழுதி வைத்திருந்தார். "என் மகள் சின்ன வயதிலிருந்தே பூச்சிகளை…"

அந்த ஹாலில் மைக்ராஸ்கோப்பைத் தொட்டவர்கள் யாரும் இல்லை. ஆனால் காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் நின்று, மோதிர விரலால் அதே துகளைத் தொட்டு நெற்றியில் வைத்த பெண்கள் நூறு பேர் இருந்தார்கள். ஒரு முணுமுணுப்பு முன்வரிசையிலிருந்து பின்னால் போயிற்று.

"அது குங்குமம் மாதிரில்ல இருக்கு?" என்றாள் யாரோ.

"மாதிரி என்ன மாதிரி," என்றாள் அபயாம்பாள். "தாழம்பூ குங்குமம். இந்தக் கலர் அதுக்குத்தான் வரும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவெல்லாம் இதான்."

யாரோ சிரித்தார்கள். சிரித்த பிறகு, எந்த வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஹாலில் இருந்த அமைதி மோசமானது. எல்லாத் தலைகளும், ஒன்று இரண்டாக, காமாக்ஷி பக்கம் திரும்பின.

"லேடீஸ், ப்ளீஸ்," என்றார் வாஞ்சிநாதன். "இது சயின்ஸ்."

மேடையில் செல்வராஜ் திரும்பித் திரையைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம் அந்த நிறத்தை எதிரில் பார்த்துச் சாப்பிட்டவர். அவருக்குத் தெரிய அதிக நேரமாகவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பார்த்து, விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். "ஆகவே என் மகள் பெயர் இந்தப் பூமியில் நிலைத்திருக்கும்," என்பது வரை ஒரு சொல் விடாமல் படித்தார். கைதட்டினார்கள். பொன்னாடை போட்டார்கள். அஞ்சலி நிகழ்ச்சியில் பொன்னாடை உண்டா என்று கமிட்டியில் ஏற்கனவே விவாதித்து, வெள்ளை நிறம் என்றால் போடலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள்.

காரில் ஏறி, பார்க்கிங் லாட்டை விட்டு வெளியே வந்த பிறகு அவர் கேட்டார்.

"எப்போ?"

"சரஸ்வதி பூஜைக்கு."

"எனக்குத் தெரியாம."

"ஆமா."

சிக்னலில் நின்றார்கள். பச்சை விழுந்தும் அவர் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"தெரிஞ்சே என்னை மேடையில ஏத்தினியா?"

"சொல்ல வந்தேங்க. சிரிச்சீங்க. எத்தனை மாசம் கழிச்சு சிரிச்சீங்க. எனக்கு வாய் வரல."

கொஞ்ச தூரம் போனார்கள். அவர் குரல் மாறிவிட்டது. பேரம் பேசுகிற குரல். "சரி. நடந்தது நடந்துபோச்சு. அபயாம்பாளுக்கு என்ன தெரியும், அது ஒரு வாய். பேப்பர் வெளிய வந்தாச்சு. நீ யார்கிட்டயும் ஒத்துக்காத. பேரு இருந்துட்டுப் போகட்டும்."

"அது பொய்ங்க."

"இருந்துட்டுப் போகட்டுமே!" ஸ்டியரிங்கை அறைந்தார். "எவனுக்கு நஷ்டம்? வேற என்ன இருக்கு அவ பேர்ல? கார் லோன் இருந்துச்சு, அதையும் கட்டி மூடிட்டேன்."

காமாக்ஷி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜுஹைர் அவளிடமும் சொல்லியிருந்த அந்த நாற்பது பேரைப் பற்றி அவரிடம் சொல்ல நினைத்தாள். எங்கோ பின்லாந்திலும் இத்தாலியிலும் உட்கார்ந்து, விஷாகா என்ற பெண்ணைத் தெரிந்து வைத்திருக்கிற, அவள் சண்டையையும் சிரிப்பையும் பார்த்த நாற்பது பேர். அவர்கள் இந்தப் படத்தைத் திறந்து பார்ப்பார்கள். பார்த்து என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஹாலில் செய்ததைத்தான் செய்வார்கள். அங்கே நிறுத்திக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அவருக்கு ஆபீஸ் இருந்த ஒரு நாளில், மாத்திரை டப்பாவை ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு யுனிவர்சிட்டிக்கு டிரைவ் பண்ணினாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் அந்த ஃப்ரீவேயில் போனதில்லை. அந்த எக்ஸிட் வந்தபோது ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

ஜுஹைர் பூச்சியின் மேல் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டான். சொட்டு சிவந்தது. டிஷ்யூவின் நுனியால் அதை உறிஞ்சினான். இன்னொரு சொட்டு. மூன்றாவது சொட்டு நிறமில்லாமல் நின்றது. அடியில் கறுப்புப் பூச்சி, தலை மட்டும் வெளுப்பு.

"ஐரோப்பா பூரா இருக்கு ஆன்ட்டி. அவ சாப்டர்ல இதுக்கு ரெண்டு பக்கம் இருக்கு."

"நீ எழுதுப்பா. இது புதுசு இல்லன்னு எழுது."

"எழுதினா அவ பேரு அடிபட்ட பேரா ஆயிடும். அடிபட்டாலும் போகாது. இந்தப் பூச்சியோட பழைய பேர்களைப் பட்டியல் போடும்போதெல்லாம், தப்பா வெச்ச பேர்னு அதுவும் கூட வரும். எல்லாக் காலத்துக்கும்."

"தப்பு யாருதுன்னு எழுதலாம்ல?"

"எழுதலாம். சாதாரணமா 'தூசு படிந்த பூச்சி'ன்னு போட்டு விட்டுடுவாங்க."

"தூசு இல்ல. குங்குமம்னு எழுது. பூஜை பண்ணது அவ அம்மா காமாக்ஷின்னு எழுது. பூச்சியைப் பிடிச்ச பொண்ணுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுது." கொஞ்சம் யோசித்தாள். "இனிஷியல் கே."

ஜுஹைரின் குறிப்பு மே மாதம் வெளிவந்தது, ஒன்றரைப் பக்கம். அதற்குள் வருஷம் திரும்பியிருந்தது. வாஞ்சிநாதன் உடனே மன்றத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மன்றத்தின் ஆய்வு சர்வதேச அறிவியல் அரங்கில் விவாதப் பொருளாகியிருக்கிறது என்று உறுப்பினர்களுக்கு வாழ்த்துச் சொன்னார். விவாதம் என்ன என்று எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

செல்வராஜ் சமையலறை மேஜையில் ஃபோனில் படித்தார். ஜுஹைரின் குறிப்பை, ஆங்கிலத்தில், விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி. மனைவி பெயர் வந்த வரியில் நின்றார்.

"உன் பேரைப் போட்டிருக்கான்."

"நான்தான் போடச் சொன்னேன்."

"ஊரே படிக்கும்."

"நாப்பது பேர் படிப்பாங்க."

அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். கத்துவார் என்று அவள் நினைத்தாள். கத்தவில்லை. "பெட்டியையாவது வாங்கிட்டு வந்துடறேன்," என்று சாவியை எடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார். ஷூவைக் கழற்றவில்லை.

"தரமாட்டேங்கறார். மன்றத்துக்குக் குடுத்த பொருளாம். திருப்பித் தரணும்னா ஜெனரல் பாடி தீர்மானம் போடணுமாம். அடுத்த பொங்கலுக்குத்தான் கூடுமாம்."

"பாத்தீங்களா? பத்திரமா இருக்கா?"

அவர் சோஃபாவில் உட்கார்ந்தார்.

"பெட்டிக்குள்ள இருந்த அந்துருண்டை வாசனை தலைவலியாம். எடுத்துப் போட்டுட்டாராம். ஏதோ சின்ன வண்டு உள்ள பூந்துடுச்சு காமு. ஒண்ணு விடாம தின்னுடுச்சு. அந்த சிவப்பு ரெண்டையும்தான். அடியில பொடி பொடியா கிடக்கு. ஊசி மட்டும் வரிசையா நிக்குது." கைகளை மடியில் வைத்து, அந்த வரிசையைக் காட்டுகிற மாதிரி விரல்களைப் பிரித்தார். "ஒவ்வொரு ஊசியிலயும் அடியில ஒரு குட்டிக் காகிதம் இருக்கு. நகத்தளவு. எந்த ஊரு, என்னைக்குப் பிடிச்சது, அப்புறம் அவ பேரு. அவ கையெழுத்து. எல்லாத்துலயும் இருக்கு. மேல பூச்சி இருந்தவரைக்கும் கண்ணு அதைத்தான் பாத்துச்சு. இப்பத்தான் தெரியுது."

காமாக்ஷி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ பாத்திருக்கியா அதை?"

"பஞ்சு வெச்சுத் துடைச்சப்போ பாத்தேன்."

"இருநூறு இருக்கும்," என்றார். "அவர் நிக்கறப்பவே எண்ண ஆரம்பிச்சேன். கராஜ் கதவை மூடணும்னுட்டார்."